மன்னார்த் துறைக்கு ஒரு பயணம்

அட்டன் மலைச்சாரலிலிருந்து மன்னார்த் தீவுக்குச் சென்று, பறவைகளைக் கண்டு திரும்புவதற்கு இரண்டு பகலும் ஓர் இரவும் போதும். தோட்டப் பாடசாலையொன்றில் விஞ்ஞானம் கற்பிக்கும் நான், பத்தாம் வகுப்பு மாணவர் முப்பது பேருடன் வருகின்ற தை மாதத்தில் அத்தகைய பயணமொன்றுக்கு ஆயத்தம் செய்து வருகிறேன். வாகனத்தையும் தங்குமிடத்தையும் ஒழுங்கு செய்தல் எளிதாகவே முடிந்தது. "இந்தப் பயணம் எதற்கு?" என்ற வினாவுக்கு விடை கூறுதலே கடினமாயிற்று.

பறவை நூலறிந்தோர்க்கு இவ்வினாவே எழாது. வட ஆசியாவின் குளிருக்கு அஞ்சித் தெற்கு நோக்கி வரும் பறவைகளின் பெருவழி முடிவுறும் இடங்களுள் மன்னாரும் ஒன்று. அங்குள்ள வங்காலைச் சரணாலயம் 2008 இல் பிரகடனஞ் செய்யப்பெற்று, 2010 இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. மாரிக் காலத்தில் அதன் ஆழமற்ற உவர்நீரில் பூநாரைகள் கூட்டங் கூட்டமாக நின்று இரை தேடும். தலைமன்னாருக்கு அப்பால், தனுஷ்கோடி வரை, கடல் நடுவே மணல் தீடைகள் வரிசையாகக் கிடக்கின்றன. அவற்றுள் இலங்கைக்குரிய பகுதி 2015 இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது.

அத்தீடைகளில் இறங்கி நடக்க வேண்டும் என்பது மாணவரின் பேராவல். ஆனால், அங்கு இனம்பெருக்கும் ஆலாக்கள் கூடு கட்டுவதில்லை. வெறும் மணலைச் சிறிது குழித்து முட்டையிடும். முட்டையும் மணலின் நிறமே. பார்க்கப் போகிறவனின் கால்களே அவற்றுக்குக் கூற்றாகலாம். அவை முட்டையிடும் காலம் ஆண்டின் நடுப்பகுதி. பூநாரைகள் நிற்கும் காலம் மாரி. இரண்டையும் ஒரே பயணத்தில் காண இயலாது. ஆகவே பூநாரைகளுக்காகத் தை மாதத்தைத் தேர்ந்தோம். தீடைகளைக் கரையில் நின்றே காண்பது என்றும் மாணவரே வாக்கெடுத்து முடிவு செய்தனர். இந்த ஒரு முடிவிலேயே பாதிப் பாடம் கற்பிக்கப்பட்டுவிட்டது எனக் கருதுகிறேன்.

இனி, வினாவுக்கு வருவோம். "தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கொக்குப் பார்க்கும் சவாரி எதற்கு? சோதனைக்குப் படிக்கட்டும்" என்றார் கற்றறிந்த பெரியவர் ஒருவர். எங்கள் மலைகளுக்கு உலகெங்குமிருந்து உல்லாசப் பயணிகள் வருகின்றனர். தாய்மார் கூடை சுமந்து கொழுந்து பறிப்பதைப் படமெடுக்கின்றனர். வெள்ளைத் துரைமார் வாழ்ந்த பங்களாக்கள் பல விடுதிகளாகிவிட்டன. அக்காட்சியில் எங்கள் பிள்ளைகளும் உண்டு. ஆனால் காண்போராக அல்ல, காணப்படுவோராக. தலைமுறை தலைமுறையாகப் பிறர் கண்ணுக்குக் காட்சிப் பொருளாக நின்றவர்கள், தாமே கண் திறந்து நாட்டைக் காண்பது சோதனைத் தாளுக்குள் அடங்காத கல்வி.

இரண்டாவது வினா பெற்றோருடையது. "மூணு நாள் பேர் போயிருமே, மாஸ்டர்" என்றார் ஒரு தாய். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என நிர்ணயிக்கப்பட்டது. நிறை குறைந்தால் அரைப்பேர் போடப்படும் வாழ்வில், மூன்று நாட் பேர் என்பது ஒரு வாரத்து அரிசி. அத்தாயை நான் எவ்வாறு குறை கூறுவேன்? ஆடி மாதம் தொடக்கம் வாரந்தோறும் சிறுகச் சேர்த்தோம். கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் பழைய மாணவர் எஞ்சியதைத் தந்துதவினர். பணக் குறை ஒருவாறு தீர்ந்தது.

மூன்றாவது வினாவே என்னை உலுக்கியது. மாணவி ஒருத்தியின் அப்பாயி லயத்து வாசலில் என்னை மறித்தார். "தலைமன்னாரா? அங்க போனவுங்க யாரும் திரும்பி வரலியே, தம்பி" என்றார்.

அந்த முதியவளுக்குத் தலைமன்னார் பறவைகளின் துறையன்று, பிரிவின் துறை. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் எங்கள் மக்களை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என எங்களைப் பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரின் விதி 1974 இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. மலைநாட்டிலிருந்து அவர்களை ஏற்றிச் சென்ற புகையிரதத்துக்கு மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. அப்பாயியின் தமக்கையும் அதிலேதான் சென்றாள்.

அதற்கு முந்திய கதையும் அத்துறையிலேயே தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கென அழைத்து வரப்பட்டோரில் பெருந்தொகையினர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தனர். பசியும் வாந்திபேதியும் காய்ச்சலும் பலரை வழியிலேயே வீழ்த்தின. எத்தனை பேர் என்பதில் வரலாற்றாசிரியர் இன்றும் உடன்படவில்லை.

மன்னாரில் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒரு கடற்காகத்துக்குச் சிறு கருவியொன்றைப் பொருத்தி, 'மேகா' எனப் பெயரிட்டுப் பறக்கவிட்டனர். ஏழாயிரம் கிலோமீற்றருக்கு மேல் பறந்து, ரசியாவின் வடகோடியிலுள்ள யமால் தீபகற்பத்தை அது அடைந்த வழியைச் செய்மதி குறித்துத் தந்தது. அறிவியலின் அருஞ்செயல் அது. வகுப்பில் நான் மகிழ்ச்சியுடனேயே கற்பித்தேன். அப்போது மாணவன் ஒருவன் எழுந்து, "நம்ம ஆளுங்க நடந்து வந்த வழிய யாரு சேர் குறிச்சு வச்சா?" என்று கேட்டான். வகுப்பில் சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை.

குறித்து வைக்கும் முயற்சி தொடங்காமல் இல்லை. இருநூறாண்டு நினைவாக, 2023 ஜூலை 28 இல் தலைமன்னாரில் புறப்பட்ட நடைபவனி, ஓகஸ்ட் 12 இல் மாத்தளையை அடைந்தது. எங்கள் வாகனமும் மாத்தளை, தம்புள்ளை, அநுராதபுரம், மதவாச்சி வழியாகவே, அத்திசைக்கு எதிராகச் செல்லும். ஒவ்வொரு மாணவர் கையிலும் குறிப்பேடு ஒன்று இருக்கும். அதன் ஒரு பக்கத்தில் கண்ட பறவையின் பெயரும் இடமும் எழுதப்படும். மறுபக்கத்தில், தத்தம் வீட்டு முதியோரிடம் கேட்டறிந்த வழிக்கதை எழுதப்படும். அப்பாயியின் தமக்கை கதை இப்போதே முதற்பக்கத்தில் ஏறிவிட்டது. அதை எழுதியவள் பேத்தி.

எங்கள் முன்னோரைக் கூலிக்கென அழைத்து வந்தவர்கள் திரும்பும் வழியைப் பற்றிச் சிந்திக்கவில்லை. ஒப்பந்தத்தின் பெயரால் அனுப்பி வைத்தவர்களும் சிந்திக்கவில்லை. இம்முறை புறப்படும் நாளைப் போலவே திரும்பும் நாளும் எழுத்திலே குறிக்கப்பட்டிருக்கிறது: ஞாயிறு இரவு ஒன்பது மணி, தோட்டத்து வாசல். அந்த நேரத்தை அப்பாயியிடம் மும்முறை சொல்லிவிட்டேன். தாமும் விளக்கோடு வந்து நிற்பதாக அவர் சொல்லியிருக்கிறார்.