மட்கார்டுக்கு இடம் விடுங்கள்

கிளிஞ்சல்மேடு போன்ற கடலோர ஊர்களில் மீன்கூடை சுமக்கும் பழைய சைக்கிளைப் பாருங்கள். ஏறக்குறைய 40 மில்லிமீட்டர் அகல டயர், அதற்குமேல் விரல் நுழையும் இடைவெளி, முழு மட்கார்டு, பின்னால் கேரியர். ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டல் சேறு அப்பினாலும் சக்கரம் எளிதில் சிக்காது. சொந்த அளவுக்கு ரோடு பைக் செய்யச் சொல்கிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது இந்த இடைவெளியைத்தான். டயரை நாளைக்கே மாற்றலாம், கேரியரைக்கூட கிளாம்ப் போட்டு மாட்டிவிடலாம். ஃபோர்க்கின் உள்ளகலத்தைப் பிறகு கூட்ட முடியாது.

எடை கூடும், வேகம் குறையும் என்பார்கள். மட்கார்டு கூட்டுவது சுமார் அரைக்கிலோ. பந்தயக்காரருக்கு அது பெரிது. தினமும் வேலைக்குப் போகிறவருக்கு அல்ல. மட்கார்டு இல்லையென்றால், மழைநீரோடு செயினில் ஏறும் மணல் பல்சக்கரத்தையே தின்றுவிடும். ஃபிரேமை வெல்டிங் செய்வதற்கு முன்பே மட்கார்டுக்கும் கேரியருக்கும் திருகுத்துளைகளைக் கேட்டு வாங்குங்கள்.