ஒன்பது டெஸ்ட், மூன்று டெஸ்ட், பூஜ்யம்

போட்ஸ்வானாவில் கிரிக்கெட் பேச ஆள் கிடைப்பது அபூர்வம். இங்கே எல்லாருக்கும் கால்பந்துதான் உயிர். கபரோனில் எங்கள் கிளையில் கிரிக்கெட் பைத்தியம் இரண்டே பேர். ஒன்று அடியேன். இன்னொருத்தர் புலவாயோக்காரர். ஜிம்பாப்வே டாலரில் சைபர்களை எண்ணி முடியாமல் போன 2008-ல் எல்லை தாண்டி இந்தப் பக்கம் வந்தவர். போன வாரம் டீ நேரத்தில் தன் நாடு தொலைத்த ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக விரல் விட்டு எண்ணினார். பத்து விரல் போதவில்லை.

2003 பிப்ரவரி 10, உலகக் கோப்பை, ஹராரே. ஆண்டி ஃபிளவரும் ஹென்றி ஒலாங்காவும் தங்கள் நாட்டில் ஜனநாயகம் செத்துவிட்டது என்று கையில் கறுப்புப் பட்டி கட்டி இறங்கினார்கள். ஒலாங்காவுக்கு அப்போது வயது 26. அந்த உலகக் கோப்பையோடு அவருடைய சர்வதேச ஆட்டம் முடிந்தது. அடுத்த வருடம் ஏப்ரலில் ஹீத் ஸ்ட்ரீக்கின் காப்டன் பதவி போனது. அவருக்கு ஆதரவாகப் பதினைந்து பேர் வெளியேறினார்கள். அதே மாதம் இலங்கையோடு ஒரு நாள் ஆட்டத்தில் 35 ரன்னுக்கு ஆல் அவுட். காப்டனாகப் போட்ட டட்டெண்டா டைபுவுக்கு 21 கூட முடியவில்லை. 2005 செப்டம்பருக்குப் பிறகு 2011 ஆகஸ்ட் வரை அந்த நாடு ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை.

ஷான் எர்வினை நம்மவர்கள் பலருக்கு ஞாபகம் இருக்கும். 2004 ஜனவரியில் அடிலெய்டில் நமக்கு எதிராகச் சதம் அடித்து, மூன்றே ரன்னில் நம்மைத் தப்ப விட்டவர். அப்போது வயது 21. அந்தச் சண்டையில் வெளியேறி இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயருக்குப் போய்விட்டார். ஜிம்பாப்வே தேசிய அணிக்கு அவர் பிறகு ஆடவே இல்லை.

இதையெல்லாம் சொல்லிவிட்டு நண்பர் ஒரு பெருமூச்சு விட்டார். "உங்களுக்கென்ன, ஒருத்தன் போனால் வரிசையில் நூறு பேர் நிற்கிறான்." எனக்குச் சுருக்கென்றது. அதற்குள் கவுண்டர் திறக்கும் நேரம் வந்துவிட்டதால் பதில் சொல்லவில்லை. நூறு பேர் வரிசையில் நிற்பதுதான் எங்கள் ஊர்ப்பக்கத்துச் சங்கடமே.

என் ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பாலக்காடு மாவட்டம், கேரள மாநிலம், ஆனால் வீட்டிலும் கடையிலும் வயலிலும் தமிழ். வேலந்தாவளம் தாண்டினால் கோயம்புத்தூர் ஜில்லா. நாங்கள் சினிமா பார்க்கப் பொள்ளாச்சி போவோம், ரேஷன் வாங்கக் கேரளா :-). கிரிக்கெட்டில் மட்டும் நாங்கள் யார் என்று யாருக்கும் தெரியாது. கோயம்புத்தூர்க் கிளப்பில் போய் நின்றால், "நீ பாலக்காட்டுப் பையனாச்சே" என்பார்கள். பாலக்காட்டில் போய் நின்றால், "தமிழா?" என்று ஒரு பார்வை.

பள்ளிக்கூட நாளில் கோட்டை மைதானத்தில் ரஞ்சி ஆட்டம் என்றால் பஸ் பிடித்துப் போய்விடுவோம். டிக்கெட் கிடையாது. கோட்டை அகழி ஓரமாக மர நிழலில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை அசையத் தேவையில்லை. அங்கேதான் அனந்தபத்மநாபனைப் பார்த்தேன். லெக் ஸ்பின். பந்தைக் கையில் வைத்துச் சுண்டிச் சுண்டிப் பிடித்துக்கொண்டே நடந்து வருவார். எதிரே நிற்பவன் முகத்தில் ஒரு குழப்பம் வருமே, அதைப் பார்ப்பதற்காகவே பஸ் ஏறலாம்.

105 முதல் தர ஆட்டம், 344 விக்கெட். பேட்டிலும் இரட்டைச் சதம் உண்டு. 1994-95-ல் கேரளா முதல் தடவையாக ரஞ்சி நாக் அவுட்டுக்குப் போனதில் அவருக்குப் பெரிய பங்கு. இந்திய அணிக்கு ஆடிய டெஸ்ட்? பூஜ்யம். ஒரு நாள் ஆட்டமும் பூஜ்யம். காரணம் சுலபம். 1990-ல் அனில் கும்ப்ளே வந்தார், 2008-ல்தான் போனார், 619 விக்கெட்டோடு. அந்த ஒரு நாற்காலியில் பதினெட்டு வருடம் ஒரே ஆள். (கும்ப்ளேயின் பூர்வீகம் காசர்கோட்டுக் கும்பளை. நாற்காலியை அடைத்தவரும் ஒரு வகையில் கேரளம்தான்!) கும்ப்ளே மேல் எனக்குக் கோபமில்லை. அவர் இடத்தில் அனந்தன்தான் ஆடியிருக்க வேண்டும் என்று எந்தப் பைத்தியக்காரனும் சொல்ல மாட்டான். ஆனால் இரண்டு பேரையும் சேர்த்து ஒரு சின்னத் தொடரில்கூட யாரும் ஆட வைத்துப் பார்க்கவில்லையே என்பது மட்டும் இன்னும் உறுத்துகிறது. அதே ஆளை ஜிம்பாப்வேயில் பிறக்க வைத்திருந்தால் ஐம்பது டெஸ்ட் ஆடியிருப்பார்.

பிறகு அம்பயர் ஆனார். 2020-ல் ஐசிசியின் சர்வதேச அம்பயர் குழுவில் சேர்த்தார்கள். 2021 மார்ச்சில் இந்தியா - இங்கிலாந்து ஆட்டங்களில் நின்றார். ஐம்பது வயதுக்கு மேல் ஒருவழியாகச் சர்வதேச மைதானத்துக்குள் போனார், தொப்பியும் ஸ்வெட்டரும் வாங்கி வைத்துக்கொள்ள. எனக்கு டிவியில் அவரைப் பார்த்தபோது சந்தோஷமா வருத்தமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அவரோடு மறுமுனையில் போட்டவர் ஆலப்புழை சுரேஷ் குமார், செல்லப் பெயர் உம்ப்ரி. இடது கை ஸ்பின். டிராவிட் காப்டனாக இருந்த இந்திய அண்டர்-19 அணியில் ஆடியவர். டிராவிட் எங்கே போனார் என்று சொல்லத் தேவையில்லை. சுரேஷ் குமார் ரயில்வே வேலையோடு நின்றுவிட்டார். 2021 அக்டோபரில், ஐம்பது தொடும் முன்பே காலமானார்.

மூன்று டெஸ்ட் என்றது டினு யோகன்னான். அப்பா டி.சி. யோகன்னான், 1974 டெஹ்ரான் ஆசிய விளையாட்டில் 8.07 மீட்டர் தாண்டியவர். மகன் 2001 டிசம்பரில் மொஹாலியில் இங்கிலாந்துக்கு எதிராக இறங்கினார். கேரள அணியிலிருந்து இந்தியாவுக்கு டெஸ்ட் ஆடிய முதல் ஆள். முதல் ஓவரிலேயே பட்சர் அவுட். அன்றைக்கு எங்கள் ஊர் டீக்கடையில் ஓசி டீ! ஒரே வருடத்தில் ஹாமில்டனில் கடைசி டெஸ்ட். மொத்தம் மூன்று டெஸ்ட், ஐந்து விக்கெட். அவ்வளவுதான்.

ஒன்பது டெஸ்ட் யார் என்று சென்னைக்காரர்கள் இதற்குள் ஊகித்திருப்பீர்கள். எங்கள் சித்தப்பா தலைமுறைக்கு எல்.சிவராமகிருஷ்ணன் என்றால் ஒரு தனி சோகம். 1983 ஏப்ரலில் ஆன்டிகுவாவில் முதல் டெஸ்ட், வயது 17. அந்த ஆட்டத்தில் விக்கெட் இல்லை. 1984-85-ல் இங்கிலாந்து வந்தபோது பம்பாயில் இரண்டு இன்னிங்ஸிலும் ஆறு ஆறு. அந்த ஐந்து டெஸ்டில் மட்டும் 23 விக்கெட். அடுத்து ஆஸ்திரேலியாவில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப் ஃபைனலில் மியாண்டடை ஸ்டம்பிங் ஆக வைத்தார். அத்தோடு ஏதோ அறுந்துபோனது. 1986 ஜனவரியில் சிட்னியில் கடைசி டெஸ்ட். இருபது வயது முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: மொத்தம் 26 விக்கெட், அதில் 23 ஒரே தொடரில். இருபது வயதில் நான் பொள்ளாச்சிப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு பி.காம் பாலன்ஸ் ஷீட் டேலி ஆகவில்லையே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்த வயதில் ஒருத்தருக்கு எல்லாம் முடிந்துபோயிருக்கிறது.

இவர்களாவது ஸ்கோர் புத்தகத்தில் இருக்கிறார்கள்.

பாங்க்கில் சேர்ந்து எனக்குக் கிடைத்த ஆரம்பகால போஸ்டிங்குகளில் ஒன்று இடுக்கி மலையில், தேயிலை எஸ்டேட்டுகளுக்கு நடுவே. தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை மூன்று தாலூகாவிலும் லயத்துக்கு லயம் தமிழ்தான். பொழுதுபோக்கு இல்லாத ஊர் என்பதால் ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் பையன்களோடு ஆடப் போவேன். மைதானம் ஒரு பக்கம் சரிவு. பந்து தேயிலைக்குள் போனால் அவுட். தேடி எடுக்க அரை மணியாகும், அதற்குள் மூடுபனி வந்துவிடும்.

அதில் ஒருத்தன், பதினேழு வயது, வேகமாகப் போடுவான். வேகம் என்றால் விளையாட்டு வேகம் இல்லை. டென்னிஸ் பந்துக்கே நான் பின்னால் நகர்ந்து நிற்பேன். அவன் அம்மா கொழுந்து எடுப்பவர், சம்பளக் கணக்கு எங்கள் கிளையில்தான். ஸ்கூலை விட்டுவிட்டுத் தற்காலிகத் தொழிலாளியாக மருந்தடிக்கப் போய்க்கொண்டிருந்தான். தொடுபுழாவில் ஒரு தேர்வு நடக்கிறது என்று கேள்விப்பட்டு அழைத்துக்கொண்டு போனேன். இருட்டோடு பஸ் ஏறி மலை இறங்க நாலு மணி நேரம், வழியில் இரண்டு தரம் வாந்தி. அன்றைக்குத்தான் முதல் தடவை ஸ்டிச் பந்தைத் தொட்டான். கான்வாஸ் ஷூவில் வழுக்கி வழுக்கி ஓடி வந்தான். முதல் மூன்று பந்து எங்கேயோ போனது. நாலாவது பந்தில் நெட்டில் நின்றவனின் மட்டை கையை விட்டுப் பறந்தது. அங்கிருந்த கோச் ஒருத்தர் எழுந்து வந்து பெயர் எழுதிக்கொண்டார். நல்ல மனிதர். பத்து நாள் காம்ப், சாப்பாடு தங்குமிடம் எல்லாம் உண்டு என்றார்.

திரும்பி வந்து அவன் அம்மாவிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "பத்து நா கூலி போனா, பேர் வெட்டிருவாங்களே சார்?"

பாங்க்காரனான எனக்குக் கூலிக் கணக்கு உடனே புரிந்தது, பேர் வெட்டுவது புரிய இரண்டு நாள் ஆனது. தற்காலிகப் பட்டியலில் பேர் போனால் நிரந்தர வேலைக்கான வரிசையும் போனது. அவன் போகவில்லை. பிறகு திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான் என்று கேள்வி.

அதே சமயத்தில், 2007 நவம்பரில், பாலக்காட்டில் சர்வீசஸ் அணிக்கு எதிராக ஸ்ரீகுமார் நாயர் 306 அடித்து அவுட் ஆகாமல் நின்றார். கேரளாவுக்கு அதுதான் முதல் முச்சதம். அவரும் இந்தியாவுக்கு ஆடவில்லை. மலையில் உட்கார்ந்து பேப்பரில் படித்தேன்.

மலைப்பிள்ளைகளால் முடியாது என்பதெல்லாம் இல்லை. வயநாட்டில் கிருஷ்ணகிரியில் ஸ்டேடியம் வந்தது. அந்த மாவட்டத்துப் பழங்குடிப் பெண் மின்னு மணி 2023-ல் இந்தியாவுக்கு ஆடினார், அடுத்த வருடம் சஜனா சஜீவன். மைதானம் பக்கத்தில் இருந்தால் கூலிக் கேள்வி கொஞ்சம் சின்னதாகிறது, அவ்வளவுதான்.

இன்னொரு வழி பாங்க் வேலை. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வந்த ஒருத்தர் என்னோடு கவுண்டரில் இருந்தார். ரஞ்சி வரை ஆடியவர். நோட்டு எண்ணும்போது பார்த்தால் நடுவிரல் ஓரத்தில் காய்ப்பு தெரியும். ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூர் எத்தனையோ கேரள ஆட்டக்காரர்களுக்குச் சோறு போட்டது. 2017 ஏப்ரல் 1-ல் அது ஸ்டேட் பாங்க் ஆஃப் இந்தியாவோடு சேர்ந்தபோது, அந்தப் பெயரில் ஒரு டீமும் இல்லாமல் போனது. ஐபிஎல் பணத்தைப் பற்றியே பேசுகிறோம். ஐபிஎல்லுக்கு ஒரு படி கீழே நிற்கும் முன்னூறு பேருக்கு மாதச் சம்பளம் யார் கொடுப்பது என்று யாரும் பேசக் காணோம்.

2025-ல் கேரளா முதல் தடவையாக ரஞ்சி ஃபைனல் ஆடியது. செமி ஃபைனலில் குஜராத்தை இரண்டே ரன் முன்னிலையில் தாண்டி! நாக்பூரில் விதர்பாவுக்கு எதிரே. நான் காலங்காத்தால எழுந்து செல்போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். நம்மை மடக்கியது யார்? கருண் நாயர், 86-ம் 135-ம். மலையாளக் குடும்பத்துப் பிள்ளை. 2016 டிசம்பரில் சேப்பாக்கத்தில் 303 அடித்து, அடுத்த டெஸ்டிலேயே உட்கார வைக்கப்பட்டவர். அடுத்த மார்ச்சோடு வெளியே. மறுபடி டெஸ்ட் ஆட 2025 ஜூன் வரை காத்திருந்தார். முச்சதம் அடித்தவனுக்கே எட்டு வருடம்!

இவ்வளவும் இப்போது எழுத வேறொரு காரணமும் உண்டு. என் அக்கா பையனுக்குப் பதினாறு. இடது கை ஸ்பின். கோயம்புத்தூரில் ஒரு அகாடமியில் சேரச் சொல்கிறார்களாம். ஸ்கூல் மாற்ற வேண்டும், ஹாஸ்டல், வருடத்துக்கு ஒரு பெரிய தொகை. ஆதார் பாலக்காட்டு விலாசம், அதனால் எந்த மாநிலத்துக்கு ஆடலாம் என்பதே ஒரு வழக்கு. மச்சான் போன் பண்ணி, "மாப்ளே, நீதான் கணக்குத் தெரிஞ்ச ஆளு, சொல்லு" என்றார்.

நான் ஒரு எக்செல் ஷீட் போட்டேன். இந்தப் பக்கம் செலவு, அந்தப் பக்கம் வாய்ப்பு. வாய்ப்பு என்ற கட்டத்தில் என்ன எண் போடுவது என்று தெரியாமல் மூன்று நாள் அது காலியாகவே கிடந்தது. நாலாம் நாள் அக்காவே கூப்பிட்டாள்.

"நீ காசு மட்டும் அனுப்புடா. ரோசனை எல்லாம் அனுப்பாத."

முதல் தவணை நேற்று அனுப்பிவிட்டேன். ஸ்பைக்ஸ் ஷூ சைஸ் எட்டு என்று பையன் தனியாக மெசேஜ் போட்டிருக்கிறான்.