எலி வளையும் இரத்தக் குழாயும்: சில குறிப்புகள்

தை பிறந்து சம்பா அறுவடை முடிந்ததும், செங்கல்பட்டுச் சீமையின் வயல்களில் இருளர் குடும்பங்கள் எலி பிடிக்க இறங்கும். எலியும் உணவு, அது வளையில் சேர்த்து வைத்த நெல்லும் உணவு. பானையில் வைக்கோலை மூட்டி, வளை வாயில் வைத்து, துளை வழியே வாயால் ஊதிப் புகை ஏற்றுவது பழைய முறை. ஊதுகிறவரின் முகம் மண்ணை ஒட்டியே இருக்கும்.

*

எலியின் சிறுநீர், எச்சில், புழுக்கை காய்ந்து தூசியாகி மூச்சில் ஏறினால் தொற்றக்கூடியது ஹன்டா வைரஸ். சுமக்கும் எலிக்கு நோய் தெரியாது. மனிதருக்கு வந்தால், ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் பெரும்பாலும் சிறுநீரகத்தைத் தாக்கும். அமெரிக்கக் கண்டங்களில் நுரையீரலை. 1950–53 கொரியப் போரில் ஐ.நா. படையினர் 3,000 பேருக்கு மேல் இந்தச் சிறுநீரக வகை நோயில் விழுந்தார்கள். காரணமான வைரஸை ஹோ வாங் லீ என்ற கொரிய அறிஞர் 1976இல்தான் வயல் எலியிடம் கண்டார்.

*

அதற்கும் முன்பே, 1964இல், வேலூர் தோட்டப்பாளையத்தில் பிடிபட்ட ஒரு மூஞ்சூறிலிருந்து ஒரு வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது. ஊர்ப் பெயரையே அதற்கு வைத்தார்கள். அது ஹன்டா குடும்பத்தைச் சேர்ந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது. மூஞ்சூறு எலி இனமல்ல. அந்த வைரஸ் மனிதருக்கு நோய் தருவதாக நிறுவப்படவும் இல்லை. ஆனாலும் இந்தக் குடும்பத்தில் உலகில் முதலில் தனித்தெடுக்கப்பட்டது தமிழ்நாட்டு வைரஸ்தான்.

*

வேலூர் சி.எம்.சி. ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. நாள்பட்ட சிறுநீரக நோயாளிகள், கிடங்குத் தொழிலாளர்கள், எலி பிடிக்கும் இருளர் ஆகியோரின் இரத்தத்தைச் சோதித்து, ஹன்டாவுக்கு எதிரான எதிர்ப்புப் புரதங்களைக் கண்டார்கள். அதாவது இந்த வைரஸ் நம் மக்களைத் தொட்டுச் சென்றிருக்கிறது.

*

ஹன்டாவின் அறிகுறிகள்: காய்ச்சல், முதுகுவலி, தட்டணுக்கள் குறைவு, கிரியாட்டினின் ஏற்றம். இப்படி வருபவருக்கு டெங்கு, எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைஃபஸ் மூன்றுக்கும் சோதனை எழுதுவார்கள். மூன்றும் இல்லை என்றால் சீட்டில் ‘காரணம் தெரியாத காய்ச்சல்’ என்று எழுதி முடிந்துவிடும். ஹன்டா அந்த வரிசையில் இல்லை. எலிக்காய்ச்சல் பாக்டீரியா நோய். அதற்குப் பெனிசிலினும் டாக்சிசைக்ளினும் உண்டு. ஹன்டா வைரஸுக்கு அவை கேட்காது. நீர்ச்சத்தைக் கவனித்து, தேவைப்பட்டால் டயாலிசிஸ் செய்து காப்பதே வழி. இரண்டையும் பிரித்தறிவது அதனால் அவசியம்.

*

ஆய்வக வேலை: இரத்தம் உறைந்ததும் சுழற்றிச் சீரத்தைப் பிரித்து, பனிப்பெட்டியில் அனுப்ப வேண்டும். அறிகுறி தோன்றும் நாட்களிலேயே பெரும்பாலும் ஐ.ஜி.எம். எதிர்ப்புப் புரதம் வந்துவிடுவதால், அதைக் காட்டும் எலைசா சோதனை நம்பத்தக்க முதற்படி. பி.சி.ஆருக்கு வாய்ப்பு தொடக்க நாட்களில்தான். சந்தேகம் நீடித்தால் இரண்டு வாரம் கழித்து இன்னொரு மாதிரி எடுத்து, ஐ.ஜி.ஜி. எதிர்ப்புப் புரதம் நான்கு மடங்கு உயர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டாம் மாதிரிதான் நம் ஊர்களில் தவறிப்போகிறது. உடம்பு தேறியவர் கூலி வேலையை விட்டு எப்படித் திரும்பி வருவார்?

இன்னொரு சிக்கல்: வெளிநாட்டுச் சோதனைக் கிட்களில் இருப்பது ஹன்டான், பூமலா போன்ற வைரஸ்களின் புரதம். தோட்டப்பாளையம் போல விலகி நிற்கும் வைரஸை அவை தவறவிடலாம்.

*

வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தந்த பாம்பு விஷத்திலிருந்துதான் நாட்டின் விஷமுறிவு மருந்தில் பெரும்பகுதி உருவாகிவந்தது. இருளர் பாம்பு பிடிப்பவர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஊர் உயிர்களைக் காத்த சமூகத்துக்கு ஒரு எலைசா சோதனை பெரிய செலவல்ல.

*

செய்ய வேண்டியவை. காய்ச்சல் நோயாளியின் ஆய்வகப் படிவத்தில் ‘தொழில்’ என்ற கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். எலி பிடிப்பவரா, கிடங்கில் மூட்டை தூக்குபவரா என்று கேளுங்கள். ஆய்வுக்காக இரத்தம் எடுத்தால் முடிவை அவரிடமே திருப்பிச் சொல்லுங்கள். மாசி மகத்தில் கன்னியம்மனை வணங்க மாமல்லபுரம் கடற்கரையில் இருளர் கூடும்போது, சுகாதாரத் துறை அங்கே போய் விளக்கட்டும். எலிப் புழுக்கை கிடக்கும் இடத்தை உலர்வாகப் பெருக்காமல், பிளீச்சிங் கரைசல் தெளித்து நனைத்து, கையுறை போட்டுத் துடைக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு நெல் கிடங்கிலும் எழுதி ஒட்டுங்கள்.