விளையாட்டும் விளம்பரமும்

குழந்தைக்கு விளையாட்டே முதற்கல்வி. சொப்பை அடுப்பிலேற்றிச் சோறு சமைப்பதாக ஆடும் குழந்தை பகிர்ந்துண்ணும் பண்பைப் பயில்கின்றது; கட்டையின்மேற் கட்டையை அடுக்கும் குழந்தை எடையையும் நிலைப்பையும் கையாலேயே உணர்கின்றது. ஆதலின், எக்குழந்தைக்கு எவ்விளையாட்டுப் பொருள் வாய்க்கின்றது என்பது சிறு செய்தியன்று. பின்னாளில் அக்குழந்தை எதனைத் 'தன்னால் இயலும்' என்று நம்பும் என்பதற்கு அதுவும் ஒரு வித்தாகும்.

விளையாட்டைப் பால்வகையாற் பிரித்தல் பழவழக்கமே. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் முதல் ஏழும் இருபாலார்க்கும் பொது. இறுதி மூன்றும், ஆண்பாற்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் எனவும், பெண்பாற்கு அம்மானை, நீராடல், ஊசல் எனவும் அமையும். ஆயினும் சிற்றிற் பருவத்தை உற்று நோக்குவார்க்கு ஒரு வியப்புத் தோன்றும். மணலில் வீடு கட்டுவோர் சிறுமியர். 'அதனைச் சிதைக்காதே' என்று வேண்டப்படுபவனே சிறுவன். கட்டும் கை பெண்ணின் கையாகவே அங்குப் பாடப்பெற்றது.

இக்காலத்தில் இவ்வகுப்பைச் செய்வோர் புலவரல்லர், வணிகர். நீலநிற வண்டியையும் கட்டுமானப் பெட்டியையும் சிறுவன் கையிலும், இளஞ்சிவப்புப் பொம்மையையும் அடுக்களைப் பொருளையும் சிறுமி கையிலும் வைத்துக் காட்டும் விளம்பரங்கள் பல. இதன்கண் வணிக நலன் ஒன்றுண்டு. அண்ணன் ஆடிய மிதிவண்டி தங்கைக்கு ஆகாது என்று குழந்தைகள் எண்ணத் தொடங்கின், பெற்றோர் ஒன்றுக்கு இரண்டாக வாங்குவர் அன்றோ?

டென்மார்க்கு நாட்டு லெகோ நிறுவனத்தின் வரலாறு இதனை நன்கு விளக்கும். 1932இல் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்னும் தச்சர் மர விளையாட்டுப் பொருள்கள் செய்யத் தொடங்கியதே அதன் தோற்றம். 1974இல் அந்நிறுவனம் பெற்றோர்க்கு விடுத்த குறிப்பொன்று, படைக்கும் ஆர்வம் இருபாலார்க்கும் ஒப்ப உண்டு என்று கூறிற்று. 1981இல் வந்த விளம்பரத்தில், தான் கட்டியதை ஏந்திப் பெருமிதத்துடன் நின்றவள் ஒரு சிறுமி. பின்னர் நிலை மாறிற்று. விளம்பரங்கள் பெரிதும் சிறுவரையே நோக்கின. 2012இல் சிறுமியர்க்கெனத் தனியே 'ஃபிரெண்ட்ஸ்' என்னும் வரிசை வெளிவந்தது. விற்பனையும் பெருகிற்று, கண்டனமும் எழுந்தது.

2021இல் அந்நிறுவனத்தின் சார்பில் ஏழு நாடுகளில் நிகழ்ந்த ஆய்வில், பெண்களுக்குரியவை எனப்படும் பொருள்களோடு ஆடினால் தம்மைப் பிறர் எள்ளுவர் என்று அஞ்சிய சிறுவர் நூற்றுக்கு 71 பேர். இழப்பு சிறுமியர்க்கு மட்டும் உரியதன்று என்பது இதனாற் பெறப்படும். பொம்மையைத் தாலாட்டுஞ் சிறுவன் பரிவைப் பயில்கின்றான். எள்ளலுக்கு அஞ்சி அதனைக் கீழே வைப்பவன் அப்பயிற்சியை இழக்கின்றான். அவ்வாண்டே அந்நிறுவனம் பால்வேறுபாட்டுக் கருத்துகளைத் தன் பொருள்களினின்றும் விளம்பரங்களினின்றும் களைய முற்படுவதாக அறிவித்தது.

விதி வகுப்போரும் வாளாவிருக்கவில்லை. தீங்கு விளைக்கும் பால்வேறுபாட்டுக் கருத்துகளை விளம்பரத்தில் விலக்கும் விதி 2019 சூன் திங்களில் பிரிட்டனில் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், பெருங்கடைகள் இருபாலார்க்கும் பொதுவான விளையாட்டுப் பொருட் பகுதியொன்றை வைத்தல் வேண்டும் என்னும் சட்டம் 2024இல் செயற்பட்டது.

சிறுமி பொம்மையை விரும்புதலும், சிறுவன் வண்டியை விரும்புதலும் குற்றமல்ல. தாமே விரும்புதல் வேறு; 'இதனையே விரும்புக' என ஏவப்படுதல் வேறு. விளம்பரத்தைக் காணும் இளைஞர், 'இஃது எனக்கு வேண்டுமா? அன்றி, வேண்டும் எனச் சொல்லப்படுகின்றதா?' என்று தம்மையே வினவிக்கொள்ளல் நன்று. கடைக்குச் செல்லும் பெற்றோரும், 'ஆண்பிள்ளையா, பெண்பிள்ளையா?' என்று கேட்கப்படும்போது, பிள்ளையின் விருப்பம் இன்னது என்று விடை கூறுவாராக.