ஒரு நாளைக்கு ஒரு சதவீதம்

கொலம்பஸ் நகரத்து நண்பர் சாப்பாட்டு மேசை செய்ய இரண்டங்குல வெள்ளை ஓக் பலகை வாங்கினார். மேலே ஒரு கீறல் இல்லை. காலுக்காக அறுத்தால் உள்ளே வரிவரியாகப் பிளவுகள். ‘நன்றாக உலர்ந்தது’ என்று சொல்லித்தான் விற்றிருந்தார் வியாபாரி. அந்தக் கடுப்பில், ஒஹையோவின் ஹோம்ஸ் கவுண்டியில் சூளை வைத்து மரம் உலர்த்தும் பெரியவர் ஒருவரிடம் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கார் ஓட்டாத ஆமிஷ் கிறித்தவர்கள், அதிலும் தச்சர்கள், நிறைந்த பகுதி. வழியெல்லாம் குதிரை வண்டிகள்.

சூளை என்றால் எனக்குச் செங்கல் சூளைதான். இங்கே நெருப்பையே காணோம். லாரி நிறுத்துமளவு ஓர் அறை, சுழலும் விசிறிகள், 110 டிகிரி ஃபாரன்ஹீட். வேலூரின் மே மாதம் அவ்வளவுதான். புழுக்கம் மட்டும் சென்னையைத் தோற்கடிக்கும்: காற்றில் ஈரப்பதம் 90 சதவீதத்தை ஒட்டி. மரத்தைக் காயவைக்க நீராவியை உள்ளே விடுகிறார்கள்!

காரணம் கேட்டேன். அவசரப்பட்டால் மேல்பரப்பு முந்திக் காய்ந்து, சுருங்க இடமில்லாமல் அப்படியே இறுகிவிடும். பல வாரம் கழித்து நடுமரம் காய்ந்து சுருங்கும்போது மேல்பகுதி கூடவே வராது. நடுவில் கிழியும். தேன்கூடு என்றுதான் அதற்குப் பெயர், வெளியே தெரியாது. வெள்ளை ஓக்கின் நீர்க்குழாய்கள் அடைத்துக்கொண்டிருப்பதால்தான் விஸ்கி பீப்பாய் கசிவதில்லை. உலர்த்துகிறவருக்கு அந்த அடைப்பேதான் எமன். ஓரங்குலப் பலகை நாளைக்கு 2.5 சதவீதம் ஈரம் இழக்கலாம். இரண்டங்குலம் என்றால் 1 சதவீதம், அதற்கு மேல் கூடாது.

கொதிகலன், வால்வுகள் பற்றியும் நிறையச் சொன்னார். எனக்குப் பிடிபடவில்லை.

என்னைக் கட்டிப்போட்டது மேசைமேல் இருந்த தராசு. உலர்த்தும் சுமையில் ஒரு மாதிரிப் பலகை எடுத்து, அதன் இரு முனையிலும் ஓரங்குலத் துண்டு வெட்டி எடைபோடுகிறார். பிறகு 103 டிகிரி செல்சியஸ் அடுப்பில், எடை இனி இறங்காது என்னும்வரை வைக்கிறார். 164 கிராம் துண்டு 100 ஆனால், காய்ந்த எடைக்கு ஈரம் 64 சதவீதம். அந்தக் கணக்கோடு மாதிரிப் பலகையைத் தினமும் காலையில் சூளையிலிருந்து உருவி நிறுக்கிறார். ஞாயிறு சர்ச்சுக்குப் போகும் முன்னும்.

பதினேழு வயதில் மரம் அறுக்கும் மில்லில் சேர்ந்தவர். ஒருமுறை வியாபாரி நெருக்கினார் என்று சூட்டை ஏற்றியிருக்கிறார். ஒரு சுமை முழுக்கத் தேன்கூடு. “அந்தக் குளிர்காலம் எங்கள் வீட்டில் விறகுக்குப் பஞ்சமில்லை” என்றார். சிரிக்கவில்லை.

இடையில் நிற்கும் வியாபாரிகள் அவருக்குக் கூலி கொடுப்பது பலகையின் அளவுக்கு, நாளுக்கு அல்ல. ஆக, நிதானமாக உலர்த்துகிறவனுக்கு நட்டம், அவசரக்காரனுக்கு லாபம். தேன்கூடு தெரியவரும்போது பணம் கைமாறியிருக்கும். திட்டு வாங்குவது தச்சர். மரம் பொறுமையாக வளர்ந்தது, பெரியவர் பொறுமையாக நிறுக்கிறார். கணக்குப் புத்தகத்துக்கு மட்டும் என்ன அவசரமோ!

நண்பர் அங்கேயே பலகைக்குச் சொல்லிவைத்தார். அவருக்கு வரவிருக்கும் பலகைகள் சூளைக்குள் போய் அப்போதே பன்னிரண்டு நாள். அன்று காலை மாதிரிப் பலகையில் ஈரம் 53 சதவீதம். மேசைக்கு வேண்டியது 8.