ஃப்யூஸ் சொன்ன கணக்கு

எழுத்தில் அடைமொழி எப்படியோ, ஒலிக்கருவிகளின் உலகில் வாட்ஸ் அப்படி. வெறுங்கையோடு வருகிறவன்தான் அதை அதிகம் வாரி இறைப்பான். தொண்ணூறுகளில் டேப்ரிக்கார்டர் வாங்கியவர்களுக்கு பி.எம்.பி.ஓ. என்ற நான்கெழுத்து நினைவிருக்கும். உள்ளங்கையகல ஸ்பீக்கருக்கு மேல் 1000 வாட்ஸ் என்று தங்க எழுத்தில் ஒட்டியிருப்பார்கள். கணநேரம் பொங்கி அடங்கும் ஒரு கற்பனை உச்சத்தின் கணக்கு அது. தொடர்ந்து பாடும் திறனுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அந்த எழுத்துகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன, மனோபாவம் மறையவில்லை.

கலவையில் வாடகைக் கார் ஓட்டும் என் அக்கா மகன், சென்ற மாதம் பழைய இரண்டு சானல் ஆம்ப்ளிஃபயர் ஒன்றைக் கொண்டுவந்தான். "ஆயிரம் வாட்ஸாம் மாமா. எட்டாயிரம் சொல்றாங்க. ரெண்டு நாள் வச்சுப் பாத்துட்டு சொல்லுன்னு குடுத்திருக்காங்க" என்றான். ராணிப்பேட்டைத் தோல் நிறுவனங்களுக்கு வருகிற வணிகர்களைச் சென்னை விமான நிலையத்திலிருந்து அழைத்து வருவதும் திரும்பக் கொண்டுபோய் விடுவதும் அவன் தொழில். நாளில் பத்து மணி நேரம் காருக்குள் கழிகிறது. எட்டாயிரம் என்பது அவனுக்கு வண்டிக்கடன் தவணையில் பெரும்பகுதி. ஆகவே விளையாட்டாகப் பதில் சொல்ல முடியவில்லை.

முதலில் பெட்டியைத் திருப்பி ஃப்யூஸைப் பார்த்தேன். 20 ஆம்பியர். விளம்பரத்தை எழுதுகிறவர் ஃப்யூஸை எழுதுவதில்லை என்பதால் அதன் சொல்லை ஓரளவு நம்பலாம். எஞ்சின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் சுமார் 14.4 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 288 வாட்ஸ். தொடர்ந்து உள்ளே போகக்கூடியதே ஏறக்குறைய அவ்வளவுதான். இது ஏபி வகை ஆம்ப்ளிஃபயர். உள்ளே போவதில் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு வெப்பமாகிவிடும். மீதி 170 சொச்சம். சானலுக்கு 85. ஆயிரம் எங்கிருந்து வந்தது என்பதை ஸ்டிக்கர் அடித்தவரைத்தான் கேட்க வேண்டும்.

கணக்கு போதாது, கருவியும் வேண்டும் என்று, எலெக்ட்ரானிக்ஸ் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் போனோம். ஸ்பீக்கருக்குப் பதிலாக 4 ஓம் மின்தடையை மாட்டி, சீரான ஒரு சுருதியை உள்ளே அனுப்பி, ஆசிலோஸ்கோப்பில் அலையின் தலை தட்டையாகத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்தினார். மீட்டர் 18 வோல்ட் காட்டியது. வோல்ட்டின் வர்க்கத்தை ஓமால் வகுத்தால் 81 வாட்ஸ். அமெரிக்க நுகர்வோர் மின்னணுச் சங்கம் 2003இல் கொண்டுவந்த சிஇஏ-2006 என்ற அளவுமுறையும் ஏறக்குறைய இதைத்தான் கேட்கிறது: 14.4 வோல்ட், 4 ஓம், ஒரு விழுக்காட்டுக்கு மேற்படாத சிதைவு. இவற்றைச் சொல்லாமல் வாட்ஸ் மட்டும் சொல்வது, எந்தப் படியால் அளந்தோம் என்று சொல்லாமல் நெல்லை விற்பது போல.

பையன் முகம் வாடிவிட்டது. "எண்பத்தொண்ணுதானா? வண்டில இருக்குற செட்டே அம்பது வாட்ஸ் மாமா!" அந்த ஐம்பதும் ஒரு வேடிக்கை. 14.4இன் வர்க்கத்தை 4ஆல் வகுத்துப் பாருங்கள்; 51.8 வரும். அதாவது அலை முழுவதும் தட்டையாகி, சங்கீதம் வெறும் இரைச்சலாகும்போது கிடைக்கும் எண். சுத்தமாகப் பாடும்போது அந்த செட் தருவது இருபதுக்குக் கீழே. ஆம்ப்ளிஃபயரோ 12 வோல்ட்டைத் தனக்குள்ளேயே உயர்த்திக்கொள்கிறது. அதனால்தான் நேர்மையான 81 சாத்தியமாகிறது. அதுவும் காதுக்கு நான்கு மடங்கு சத்தமல்ல. ஆற்றல் இரட்டித்தால் 3 டெசிபல். நான்கு மடங்கானால் 6. காதுக்கு இருமடங்காகத் தோன்றச் சுமார் 10 டெசிபல் வேண்டும். கிடைப்பது சத்தமல்ல, இடம். திடீரென்று உயரும் ஒரு மிருதங்க அடி கூரையில் முட்டாமல் எழுந்து அடங்குவதற்கான இடம்.

பிறகுதான் கேட்டோம். ஆம்ப்ளிஃபயரைக் காரில் பொருத்தி, பாட்டில்லாமல் எஞ்சினை மட்டும் ஓட்டினோம். ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ஒரு கீச்சொலி ஏறியது. மின்கம்பியும் ஒலிக்கம்பியும் ஒரே பக்கமாகப் போனதன் விளைவு; ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்ததும் அடங்கியது. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986) போட்டோம். வி.எஸ். நரசிம்மனின் வயலின் நரம்பின் சொரசொரப்போடு வந்தது. தனித்தனியே வந்த இரண்டு வழிகள் கண்ணாடிக்கு முன்னே ஒரு மேடையாகக் கூடின. ஊர்ப்பெயருக்குப் பொருத்தமான கலவைதான்.

பின்னிருக்கையில் அப்பா இருந்தார். முப்பது வருடம் டேனரியில் உருளும் டிரம்களுக்கு அருகே நின்றவர். இரைச்சல் செவியைத் தாக்கும்போது பொதுவாக 4000 ஹெர்ட்ஸ் பகுதியைத்தான் முதலில் தின்னும். ஆகவே பேச்சில் உயிரெழுத்துகள் அவருக்குக் கேட்கும். சகரமும் தகரமும் நழுவிப்போகும். "நல்லா இருக்கா தாத்தா?" என்று பேரன் கேட்டான். "மேளம் கேக்குது. வேற என்ன வாசிக்கிறாங்க?" என்றார்.

நான் சொல்ல வேண்டியது அந்த இடத்தில் எளிதாயிற்று. மட்டமான கருவி கத்தும்போது காது கூசும், நாமே குறைத்துவிடுவோம். சிதைவு ஒருவகை எச்சரிக்கை. நல்ல கருவி அந்த எச்சரிக்கையை எடுத்துவிடுகிறது. சுகமாக இருக்கிறதே என்று ஏற்றிக்கொண்டே போகலாம். 85 டெசிபலை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியோஷின் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88க்கு நான்கு மணி, 100க்குக் கால் மணி. அப்பாவுக்கு டிரம்மைக் குறைக்கும் திருகு கையில் இல்லை. பேரனுக்கு இருக்கிறது.

என் தீர்ப்பு இது: கருவி நல்லது, ஸ்டிக்கர் பொய், விலை அதிகம். 81 வாட்ஸ் கணக்கைச் சொல்லி ஐந்தாயிரத்துக்குப் பேசி வாங்கினான். மீந்த பணத்தில் அலுமினியத்துக்குத் தாமிரம் பூசிய கம்பியை எடுத்துவிட்டு முழுத் தாமிரக் கம்பி போடச் சொன்னேன். கெயின் திருகு சத்தம் கூட்டுவதற்கல்ல, செட்டின் வோல்ட்டோடு ஆம்ப்ளிஃபயரைப் பொருத்துவதற்கு என்று விளக்கி, அலை தட்டையாகாத இடத்தில் அதை நிறுத்தினோம். பக்கத்து இருக்கையில் இருப்பவர் குரலை உயர்த்தாமல் பேச முடிகிற எல்லை, செட்டில் 22. அதற்கு மேல் போகக்கூடாது என்பது ஒப்பந்தம். பயணிகள் யாரும் இதுவரை குறை சொல்லவில்லை என்கிறான்.