முப்பது நிமிடம்

திங்கள்

இந்தக் கிழமையிலிருந்து பல் சுத்தம் செய்யும் நேரத்தை முக்கால் மணியிலிருந்து அரை மணியாகக் குறைத்துவிட்டார்கள். சிட்னி மேற்கில் நம்மவர்கள் நிறையப் பேர் வரும் கிளினிக் இது. முதலில் வந்தவர் நீரிழிவு உள்ள ஓர் அம்மம்மா. ஈறு நோயும் நீரிழிவும் ஒன்றையொன்று மோசமாக்குபவை என்பதால் ஈறை அளக்காமல் விட முடியாது. ஒரு பல்லுக்கு ஆறு இடம். 28 பல் இருந்தால் 168 அளவுகள். அதை முடிக்கவே நேரம் ஓடிவிட்டது. கீழ்த்தாடை முன்பற்களின் உட்புறத்தில், உமிழ்நீர் சுரந்து வரும் இடத்துக்கு அருகில், பற்காரை கல்லாக இறுகியிருந்தது. "நோகுது பிள்ளை, கொஞ்சம் பொறு" என்றார். பொறுக்க எனக்கும் ஆசைதான். வெளியே அடுத்தவர் காத்திருந்தார்.

புதன்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கருவிகளைத் தீட்டினேன். மழுங்கிய கியூரெட் காரையைப் பெயர்க்காது. மேலே வழுக்கி, அதை இன்னும் வழவழப்பாக்கிவிடும். பிறகு கையை இறுக்கி அழுத்த வேண்டும். அந்த அழுத்தம் முழுவதும் பெருவிரல் அடியிலும் மணிக்கட்டிலும் இறங்குகிறது. இந்தத் தொழிலில் கழுத்தும் தோளும் கையும் போய் வேலையை விட்டவர்களை எனக்குத் தெரியும். ஆனாலும் தீட்டும் நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. குறிப்பு எழுதுவதும் அப்படித்தான்.

வியாழன்

புதிதாகச் சேர்ந்த தங்கச்சிக்கு இன்று காலை அடுத்தடுத்து ஆட்கள் வரவில்லை. அவள் சதவீதக் கணக்கில், ஒப்பந்தக்காரியாக வேலை செய்கிறாள். "ஆள் வராட்டி எனக்குக் காசில்லை அக்கா. காய்ச்சலெண்டு நிண்டாலும் இல்லை." எத்தனை மணிக்கு வர வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும், எவ்வளவு அறவிட வேண்டும் எல்லாம் கிளினிக் சொல்கிறது. ஊழியரை ஒப்பந்தக்காரர் என்று காட்டி வேலை வாங்குவதை 2009ஆம் ஆண்டின் நியாய வேலைச் சட்டம் தடுக்கிறது. தொழிற்சங்கத்தில் கேட்கச் சொன்னேன். வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறாள். அந்தப் பயம்தான் இந்த ஏற்பாட்டைத் தாங்கி நிற்கிறது.

வெள்ளி

ஏழு வயதுப் பையனுக்குப் பாற்பல் அடைத்தேன். வாய்நலச் சிகிச்சையாளர்களான நாங்கள் பல் வைத்தியரோடு முறைப்படி இணைந்துதான் வேலை செய்ய வேண்டும் என்ற கட்டாயம் 2020 ஜூலையில் நீங்கியது. 2022 ஜூலை முதல், அரசின் சிறுவர் பல் உதவித் திட்டத்தில் எங்கள் சொந்த வழங்குநர் இலக்கத்திலேயே கட்டணம் கோரலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்கத் தாதிகளை முதன்முதலாக நியூசிலாந்து பயிற்றியது 1921இல். அங்கிருந்து இந்த உரிமைகள் வரை வந்துசேர நூறு வருடம் பிடித்திருக்கிறது. நோயைக் கண்டறியவும் தீர்மானிக்கவும் எங்களை நம்பும் சட்டம் வந்துவிட்டது. எத்தனை நிமிடம் தேவை என்று தீர்மானிக்க மட்டும் கிளினிக் எங்களை நம்பவில்லை.

ஞாயிறு

நிர்வாகிக்குக் கடிதம் எழுதினேன். ஈறு நோயுள்ளவர்களுக்கு முக்கால் மணி நேரம். கருவி தீட்டவும் குறிப்பு எழுதவும் சம்பளத்தோடு நேரம். இரண்டே கோரிக்கைகள். மாலையே பதில் வந்தது: செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் முக்கால் மணி நேரம் தருவார்களாம். இரண்டாவதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. தங்கச்சியிடம் காட்டினேன். அடுத்த கடிதத்தில் தானும் கையெழுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.